மரத்துக்கு ஏற்ற பசை: யாழ்ப்பாணத்துத் தச்சுவேலைக்கான முழுமையான வழிகாட்டி

கதவின் மூட்டு விட்டுப்போனாலோ கதிரைக் கால் ஆட்டம் கண்டாலோ பழி பெரும்பாலும் பசையின் மேல்தான் விழுகிறது. விட்டுப்போன மூட்டைக் கழற்றிக் கூர்ந்து பார்த்தால் உண்மை வேறாக இருக்கும். ஈரம் வற்றாத மரத்தில் வேலை செய்திருப்பார்கள், அல்லது கழுந்து (செருகும் முனை) பொளிக்குள் (அதை ஏற்கும் துளைக்குள்) தளர்வாக நின்றிருக்கும், அல்லது வீட்டுக்குள் இருக்க வேண்டிய பொருளுக்குரிய பசையை மழை படும் வாசற்கதவுக்குப் பூசியிருப்பார்கள். ஆகவே எந்தப் பசை நல்லது என்று கடையில் கேட்பதற்கு முன்னர், செய்யப்போகும் பொருள் எங்கே இருக்கப்போகிறது, அது எந்த மரம், மூட்டு எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது என்ற மூன்றையும் இந்த ஒழுங்கிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இவை தெளிவானால் பசை ஏறக்குறையத் தானாகவே முடிவாகிவிடும்.

பொருள் இருக்கப்போகும் இடம்

யாழ்ப்பாணத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் பெய்து முடிகிறது. மற்ற மாதங்களில் வெயிலும் சோளகக் காற்றும் மரத்தை உலர்த்துகின்றன. ஆகவே இங்குள்ள மரம் ஒவ்வோராண்டும் ஒரு முறை நன்றாக ஈரமேறி விரிந்து, மீண்டும் உலர்ந்து சுருங்குகிறது. மூட்டில் நிற்கும் பசை இந்த அசைவைத் தாங்க வேண்டும். குருநகர், காரைநகர், ஊர்காவற்றுறை போன்ற கரையோரங்களில் உப்புக் காற்று ஆணியையும் திருகாணியையும் விரைவில் அரித்துவிடுவதால், அங்கே பசை தாங்க வேண்டிய பாரம் இன்னும் கூடுகிறது.

இதை மனத்தில் வைத்துப் பொருளை மூன்று இடங்களுள் ஒன்றில் நிறுத்திப் பாருங்கள். அலுமாரி, கட்டில், மேசை, புத்தகத் தட்டு ஆகியவை உலர்ந்த உள்ளிடத்துக்குரியவை. சமையலறைத் தட்டு, குளியலறைக் கதவு, கூரையுள்ள விறாந்தையின் வாங்கு ஆகியவை இடையிடையே நனையும். வாசற்கதவு, யன்னல் நிலை, படலை, கிணற்றடிப் பலகை, படகின் மரப் பாகங்கள் ஆகியவை மழையையும் வெயிலையும் நேராக வாங்கும். ஐரோப்பியத் தரமான ஈ.என். 204 வெப்பத்தில் மென்மையாகும் வகை மரப்பசைகளை டி1 முதல் டி4 வரை வகுப்பதும் ஏறக்குறைய இதே அடிப்படையில்தான். டி1 முற்றிலும் உலர்ந்த உள்ளிடத்துக்கு உரியது. டி3 சிறிது நேர நனைதலையும் அதிக ஈரப்பதனையும் தாங்கும். டி4 நீண்ட நேரம் நீர்படும் உள்ளிடத்துக்கும், மேற்பூச்சு நன்றாக இருந்தால் வெளியிடத்துக்கும் ஏற்றது. போத்தலின் பின்புறத்தில் இந்த எழுத்தும் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். முன்புறத்தில் பெரிதாக எழுதியிருக்கும் ‘வோட்டர் புரூஃப்’ என்ற சொல்லைவிட அது நம்பகமானது.

வெள்ளைப் பசை

தச்சுப் பட்டறைகளில் அன்றாடம் புழங்குவது பி.வி.ஏ. எனப்படும் பொலிவைனைல் அசற்றேற்றுப் பசை. 1912இல் ஜேர்மனிய வேதியியலாளர் ஃபிரிட்ஸ் கிளாட்டே கண்டறிந்த பொருள் இதற்கு அடிப்படை. கடைகளில் வெள்ளைக் கம் என்றோ, பைண்டர் கம் என்றோ, ஃபெவிகோல் போன்ற வணிகப் பெயராலோ கேட்டு வாங்குகிறோம். பசைத் துளிகள் நீரில் மிதக்கும் நிலையில் இருக்கின்றன. பூசியதும் நீரை மரம் உறிஞ்சிக்கொள்ள, துளிகள் நெருங்கி ஒன்றிணைந்து நார்களுக்கு இடையே ஒரு படலமாக இறுகுகின்றன. இந்தச் செயல் முறையைப் புரிந்துகொண்டால் அதன் பலமும் பலவீனமும் விளங்கிவிடும். நெருங்கிப் பொருந்திய இரண்டு பலகைகளை நார் ஓடும் திசையில் பக்கவாட்டில் ஒட்டினால், முறிக்கும்போது பசைக்கோடு விடாது, பக்கத்து மரம்தான் கிழியும். ஆனால் இடைவெளியை நிரப்பும் ஆற்றல் இதற்கு இல்லை. நீர் போனபின் கன அளவு குறைவதால் தளர்வான மூட்டுக்குள் வெறும் பொள்ளல்தான் எஞ்சும்.

வெள்ளைப் பசைக்கு வேறு இரண்டு குறைகளும் உண்டு. சாதாரண வகை ஈரத்தில் மெல்ல மெல்ல இளகிவிடும். மேலும் இது வெப்பத்தில் மென்மையாகும் பொருள் என்பதால், இடைவிடாத இழுவிசை இருக்கும் மூட்டு நாளடைவில் நகரும். கடும் நிறம் பூசிய கதவு சித்திரை வெயிலில் நின்றால் அதன் மேற்பரப்பு வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டுவதுண்டு. அத்தகைய கதவுக்கும், வளைத்து ஒட்டிய பலகைகளுக்கும் சாதாரண வெள்ளைப் பசையை நான் பரிந்துரைக்க மாட்டேன். மஞ்சள் நிறத்தில் வரும் திருத்திய வகை வேகமாகப் பிடிக்கும், உலர்ந்தபின் அரத்தாளுக்குச் சுத்தமாகத் தேயும். குறுக்கிணைப்புக் கொண்ட, அதாவது மூலக்கூறுகள் தமக்குள் பிணைந்து இறுகும், டி3, டி4 வகைகள் விலை கூடியவையாயினும் நனையும் இடத்து வேலைக்கு அந்த மேலதிகச் செலவு தகும்.

எப்பொக்சியும் படகுப் பிசினும்

எப்பொக்சி இரண்டு பகுதிகளாக வருகிறது. பிசினும் கடினமாக்கியும் கலந்தவுடன் வேதியியல் முறையில் இறுகுவதால், எதுவும் ஆவியாகிப் போக வேண்டியதில்லை, சுருக்கமும் மிகக் குறைவு. ஆகவே இடைவெளியை நிரப்பி நிற்கக்கூடிய பசை இதுவே. மெல்லிய மரத்தூளைக் கலந்து தடிப்பாக்கினால், உளுத்த கதவு நிலையின் அடியையோ தேய்ந்த கழுந்தையோ மீட்டெடுக்க முடியும். கலவை விகிதம் மட்டும் தயாரிப்பாளர் குறித்தபடியே இருக்க வேண்டும். சில வகைகளுக்கு 1:1, சிலவற்றுக்கு 2:1, வேறு சிலவற்றுக்கு 5:1. கடினமாக்கியைக் கூட ஊற்றினால் விரைவில் இறுகும் என்ற எண்ணம் தவறானது. மிஞ்சிய பங்கு இணையாமல் உள்ளே தங்கி, மூட்டை மென்மையாக்கிவிடும்.

இந்தத் தவறான எண்ணம் நம்மிடையே பரவியிருப்பதற்குக் காரணம் ஃபைபர் படகு வேலை என்று நினைக்கிறேன். கரையோர ஊர்களில் படகு கட்டவும் திருத்தவும் பயன்படும் பொலியெஸ்ரர் பிசின் எளிதில் கிடைக்கிறது. அதில் சிறு வீதத்தில் சேர்க்கும் வினையூக்கியைச் சற்றுக் கூட்டிக் குறைத்து இறுகும் நேரத்தை மாற்றலாம். எப்பொக்சியில் அது செல்லாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பொலியெஸ்ரர் பிசின் மரத்துக்குரிய பசை அன்று. இறுகும்போது கணிசமாகச் சுருங்கும், மரத்தோடு கொள்ளும் பிடியும் குறைவு. ஈரம் ஏறி இறங்கும் சில பருவங்களுக்குள் தோல் உரிவதுபோல் முழுத் தகடாகப் பெயர்ந்து வரும். படகில் மரமும் மரமும் சேரும் இடத்துக்கு எப்பொக்சியையே பயன்படுத்துங்கள்.

எப்பொக்சிக்கு வெயிலும் பகை. சூரிய ஒளி நேரடியாகப் பட்டால் மேற்பரப்பு மஞ்சளித்துத் தூளாகும், ஆகவே மேலே தீந்தையோ வார்ணிசோ கட்டாயம் வேண்டும். ஐந்து நிமிட வகை சிறு திருத்தங்களுக்கு மட்டும் போதுமானது. பாரம் தாங்கும் மூட்டுக்கும் நனையும் மூட்டுக்கும் மெதுவாக இறுகும் வகையே நல்லது. வெப்பநிலை 10 பாகை கூடினால் இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால், 20 பாகைக்குக் குறித்த வேலை நேரம் நமது 30 பாகைப் பகலில் பாதியாகிவிடும். ஒரு கோப்பையில் நிறையக் கலந்து வைத்தால் அதன் சொந்த வெப்பமே கலவையைப் புகையவைத்து வீணாக்கும். சிறிது சிறிதாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பி வைத்துப் பூசுங்கள். எப்பொக்சி மூட்டை இறுக்கிப் பிழியவும் கூடாது. பசை முழுவதும் வெளியே வந்து மூட்டு வறண்டுபோகும்.

ஏனைய பசைகள்

பொலியூரித்தேன் பசை காற்றிலும் மரத்திலும் உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுவதால் நமது காலநிலைக்கு இயல்பாகப் பொருந்தும், நீரையும் நன்றாகத் தாங்கும். இறுகும்போது நுரைத்துப் பெருகி மூட்டின் வெளியே வரும். அந்த நுரை இடைவெளியை நிரப்புவதுபோல் தோன்றினாலும் அதற்குப் பலமில்லை. கையில் பட்டால் நாட்கணக்கில் கறை போகாது. மாரி காலத்தில் திறந்த போத்தல் உள்ளேயே கட்டியாகிவிடும் என்பதால் சிறிய போத்தலாக வாங்குவது சிக்கனம்.

யூரியா ஃபோர்மல்டிகைட்டுப் பசை தூளாக வந்து நீரில் கரைத்துப் பூசப்படுவது. இறுகினால் கண்ணாடிபோல் கடினமாகி நகராது நிற்பதால், வளைத்து ஒட்டும் வேலைக்கும் மெல்லிய அலங்காரப் பலகை ஒட்டுவதற்கும் சிறந்தது. நாம் வாங்கும் ஒட்டுப்பலகைக்குள்ளும் இதுவோ இதன் உறவுப் பசைகளோதான் இருக்கின்றன. இந்திய ஒட்டுப்பலகையில் எம்.ஆர். என்று இருந்தால் ஈரப்பதனைத் தாங்கும் உள்ளிட வகை என்றும், பி.டபிள்யூ.ஆர். என்றால் கொதிநீர்ச் சோதனையைத் தாங்கும் பசை கொண்டது என்றும், ஐ.எஸ். 710 என்றால் கடல்சார் வகை என்றும் பொருள். சமையலறைக்கு எம்.ஆர். வகையை வாங்கி விளிம்பில் உயர்ந்த பசை பூசினாலும் பலகையின் அடுக்குகள் விரிவதைத் தடுக்க முடியாது.

தொடுபசை, அதாவது ரப்பர்ப் பசை, போர்மைக்காத் தகடு ஒட்டுவதற்கானது. இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குப் பத்து முதல் இருபது நிமிடம் உலரவிட்டுச் சேர்த்தால் அந்தக் கணமே பிடித்துவிடும். மீண்டும் நகர்த்த முடியாது என்பதால் இடையில் மெல்லிய குச்சிகளைப் பரப்பி, தகட்டை ஒழுங்காக வைத்தபின் ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள். கதிரை, கதவு மூட்டுகளுக்கு இது ஒருபோதும் ஆகாது. சூப்பர் குளூ சிறு வெடிப்பு, பெயர்ந்த சிராய் போன்றவற்றை நிறுத்திப் பிடிக்க மட்டும் உதவும். இறுகியபின் அது நொறுங்கும் தன்மையுடையது, அதிர்ச்சியைத் தாங்காது.

விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய வச்சிரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரம் வைத்து 60 பாகையளவில் உருக்கிப் பூசும் இந்தப் பழைய பசை நம்முடைய ஈரத்தில் இளகும், பூஞ்சணமும் கரப்பானும் அதை விரும்பும். ஆயினும் சூடும் நீரும் கொடுத்தால் மூட்டைச் சேதமின்றித் திறக்கலாம் என்பதால், வயலின், வீணை போன்ற இசைக்கருவிகளையும் பழைய அரும்பொருட்களையும் திருத்துவோர் இன்னும் அதைக் கைவிடவில்லை. அத்தகைய பொருள் கைக்கு வந்தால் எப்பொக்சியை எடுக்கவே வேண்டாம். அடுத்து அதைத் திருத்த வருபவருக்கு வழி அடைபட்டுவிடும்.

மரத்தைத் தயார் செய்தல்

மரக்காலையிலிருந்து வந்த பலகையை அன்றே ஒட்டக்கூடாது. யாழ்ப்பாணத்துக் காற்றில் நிழலில் கிடக்கும் மரம் பெரும்பாலும் 12 முதல் 15 வீத ஈரத்தில் நிலைகொள்ளும். அதைவிட ஈரமான மரத்தில் வெள்ளைப் பசையின் நீர் போக இடமின்றி நிற்பதுடன், பின்னர் மரம் சுருங்கும்போது மூட்டே பிளக்கும். பலகைகளுக்கிடையே சட்டம் வைத்து அடுக்கி, பொருள் நிற்கப்போகும் வீட்டிலேயே சில வாரங்கள் விடுங்கள். ஈரமானி இல்லாதவர்கள் ஒரு துண்டை வெட்டி நாளாந்தம் நிறுத்துப் பார்க்கலாம். நிறை குறைவது நின்றால் மரம் நிலைக்கு வந்துவிட்டது.

ஒட்டும் முகத்தை அன்றே சீவ வேண்டும். சீவி நாட்கணக்கில் கிடந்த முகத்தில் மரத்தின் எண்ணெய்கள் மேலேறி, தூசியும் படிந்து பசையை உள்ளே விடாது. இதைச் சோதிக்க ஒரு துளி நீர் போதும். புதிதாகச் சீவிய முகத்தில் துளி பரவி ஊறும், பழைய முகத்தில் முத்தாகத் திரண்டு நிற்கும். சீவுளி விட்ட வழவழப்பான முகமே சிறந்தது. பிடிக்கட்டும் என்று முரட்டு அரத்தாளால் கீறிவிடுவது நார்களை நசுக்கி மூட்டைப் பலவீனமாக்கும்.

தேக்கில் எண்ணெய் அதிகம், ஆகவே பூசுவதற்குச் சற்று முன்னர் அசிற்றோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, உலர்ந்ததும் தாமதிக்காமல் ஒட்ட வேண்டும். முதிரை, பாலை போன்ற அடர்ந்த மரங்கள் பசையை மெதுவாகவே உறிஞ்சும். இரண்டு முகங்களிலும் பூசிச் சிறிது நேரம் விட்டுச் சேர்ப்பது நல்லது. வேம்பும் பலாவும் அவ்வளவு சிரமம் தருவதில்லை. பனை தனி வகை. மற்ற மரங்களைப்போல் ஆண்டு வளையமிட்டு வளராத ஒருவித்திலைத் தாவரம் என்பதால், வெளிப்புறம் கருநார் செறிந்த வைரமாகவும் உட்புறம் மென்சோறாகவும் இருக்கும். சோற்றுப் பகுதியில் ஒட்டினால் பசை எவ்வளவு நல்லதாயினும் சோறு பிய்ந்து வரும். வைரத்தோடு வைரத்தைச் சேர்த்து, முதலில் ஐதான எப்பொக்சியை ஊறவிட்டு, அதன்மேல் தடித்த கலவை பூசுவதே நம்பகமான வழி.

முனை முகத்தைப் பற்றியும் கவனம் வேண்டும். குறுக்கே அறுத்த முகம் திறந்த குழாய்களின் வாயாக இருப்பதால் பசையை உள்ளே உறிஞ்சிக்கொண்டு மூட்டை வறளவிடும். முனையோடு முனை ஒட்டிய மூட்டை நம்பிப் பாரம் ஏற்றக்கூடாது. பொளிகழுந்து, புறாவால், அரைமரம் ஆகிய மூட்டுகள் தோன்றியதே நீள முகத்தோடு நீள முகம் சந்திக்கவேண்டும் என்பதற்காகத்தான்.

ஒட்டும் முறை

முதலில் பசையின்றி முழுவதையும் சேர்த்து, கிளாம்புகளையும் போட்டு இறுக்கிப் பாருங்கள். கையழுத்தத்தில் மூட வேண்டிய மூட்டை முழுப் பலத்தோடு இறுக்க வேண்டியிருந்தால் பொருத்து தவறு, சீவுளிக்குத் திரும்புங்கள். கழுந்து கைத்தள்ளலில் உள்ளே போய், தலைகீழாகப் பிடித்தால் விழாமல் நிற்கவேண்டும்.

பின்னர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்று உறுதிசெய்து பூசத் தொடங்குங்கள். வெள்ளைப் பசைக்குப் பூசியதிலிருந்து சேர்ப்பது வரை ஐந்து முதல் பத்து நிமிடமே உண்டு. சோளகம் வீசும் நாளில் வாசலிலோ மின்விசிறிக்குக் கீழோ வேலை செய்தால் அதுவும் குறையும். ஆகவே பெரிய அலுமாரிச் சட்டத்தை ஒரே முறையில் சேர்க்காமல் இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்வது அறிவுடைமை. அளவு சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிராம் வரை, அதாவது மரத்தின் நிறம் மங்கலாகத் தெரியும் மெல்லிய, இடைவெளியற்ற படலம். பொளியின் உட்சுவர்களிலும் பூச வேண்டும். கழுந்தில் மட்டும் பூசினால் உள்ளே தள்ளும்போது பசை வழிக்கப்பட்டு வாயிலேயே தங்கிவிடும்.

இறுக்கும்போது பசைக்கோடு நெடுகிலும் சிறு முத்துகள் சீராக வரிசையிட்டு வரவேண்டும். ஓரிடத்தில் முத்து இல்லையென்றால் அங்கே பசையோ அழுத்தமோ போதவில்லை. ஆறாக வழிந்தால் பசை அதிகம். கிளாம்பின் அழுத்தம் பலகைக்குள் ஏறக்குறைய 45 பாகையில் விரிவதால், ஒடுங்கிய பலகைகளுக்குக் கிளாம்புகளை நெருக்கமாகவும், அகலமானவற்றுக்குத் தள்ளியும் வைக்கலாம். கீழும் மேலுமாக மாறிமாறி வைத்தால் பலகை வளையாது. தேக்குப் போன்ற மரங்களில் ஈரப் பசையும் இரும்புக் கிளாம்பும் தொட்டால் கருங்கறை விழும், இடையில் மெழுகுத்தாள் வையுங்கள்.

கிளாம்பு இல்லாவிட்டாலும் வேலை நிற்கவேண்டியதில்லை. தடித்த பலகையொன்றில் இரண்டு சட்டங்களை அறைந்து, அவற்றுக்கிடையே ஒட்டும் பலகைகளை வைத்து, ஒரு பக்கத்தில் எதிரெதிராக இரண்டு ஆப்புகளைச் செருகித் தட்டினால் எந்தக் கிளாம்புக்கும் குறையாத அழுத்தம் கிடைக்கும். கதிரைக் கால்களுக்குக் கயிற்றைச் சுற்றிக் கட்டி, நடுவில் தடியைச் செருகி முறுக்கலாம். நம் ஓடாவியார்கள் நெடுங்காலம் கையாண்ட இந்த முறைகளை இன்றைய இளைஞர்கள் கற்கவேண்டும் என்று விரும்புகிறேன். கோயில் வாகனங்களுக்குப் பல துண்டுகளைச் சேர்த்துப் பெருந்துண்டாக்கும்போது ஆப்பு முறைதான் கைகொடுக்கும்.

சேர்த்தவுடன் மூலைக்கு மூலை அளந்து சதுரம் பாருங்கள். வழிந்த முத்துகளை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். கரைந்த பசை மரத்துளைக்குள் ஊறி, வார்ணிஷ் பூசும்போது வெளிறிய திட்டாகத் தெரியும். அரை மணி நேரம் கழித்து ரப்பர்போல் ஆனதும் மழுங்கிய உளியால் சுரண்டினால் சுத்தமாக வரும். ஒரு மணி நேரத்தில் கிளாம்பைக் கழற்றலாம் என்று போத்தலில் இருந்தாலும், மாரியில் இரவு முழுவதும் விடுங்கள். முழுப் பலம் 24 மணி நேரத்துக்குப் பின்னரே வரும். பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டியிருந்தால் சீவுவதற்கு அதைவிடவும் பொறுக்க வேண்டும். பசையின் நீரால் பசைக்கோட்டை அண்டிய மரம் உப்பியிருக்கும், அப்போதே சமமாகச் சீவினால் பின்னர் அது வற்றி, மேசை நெடுகப் பள்ளக் கோடு விழும்.

புதிய மரத்திலோ புதிய பசையிலோ வேலை தொடங்குமுன் கழிவுத் துண்டுகளை ஒட்டி, மறுநாள் உளியால் பிளந்து பாருங்கள். பசைக்கோட்டின் இருபுறமும் மரநார் கிழிந்து ஒட்டியிருந்தால் நம்பலாம். வழவழப்பாகப் பிரிந்தால் மரமோ முகமோ பசையோ ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஒட்டுப்பலகையால் கட்டிய மொஸ்கிற்ரோ விமானங்கள் 1944இல் இந்தியா, பர்மாப் பகுதியில் உடைந்து விழுந்தபோது முதலில் பசை மீதே சந்தேகம் எழுந்தது. ஆராய்ந்தவர்கள் மழைக்கால ஈரத்தில் மரம் சுருங்கி விரிந்ததையும் தயாரிப்பின் குறைபாடுகளையுமே காரணமாகக் காட்டினார்கள். நம் பட்டறை மூட்டுகளுக்கும் அதே விசாரணை பொருந்தும்.

பழைய மூட்டைத் திருத்துதல்

ஆடும் கதிரையின் பிளவுக்குள் புதுப் பசையை ஊற்றுவது பயனற்றது. இறுகிய வெள்ளைப் பசையின் மேல் புதிய வெள்ளைப் பசை பிடிக்காது. மூட்டை முழுவதும் கழற்றி, வெந்நீர் அல்லது சூடான வினாகிரி நனைத்த துணியால் சுற்றி, பழைய பசை வெளுத்து இளகியதும் சுரண்டி, மரம் வெளிப்படும் வரை சுத்தம் செய்து உலரவிடுங்கள். கழுந்து தேய்ந்திருந்தால் மெல்லிய மரச்சீவலை அதன்மேல் ஒட்டிப் பருமனாக்கி மீண்டும் பொருத்துங்கள், அல்லது எப்பொக்சிக்கு மாறுங்கள்.

பாதுகாப்பும் சேமிப்பும்

எப்பொக்சியின் கடினமாக்கி தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை உண்டாகும், ஒருமுறை உண்டானால் வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். கையுறை அணியுங்கள், தின்னரால் கை கழுவ வேண்டாம். ரப்பர்ப் பசையின் ஆவி தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அடுப்பு, பீடி, மின்பொறி எதுவும் அருகில் கூடாது. சூப்பர் குளூவைப் பருத்தித் துணியால் துடைத்தால் துணி சுட்டுப் புகையக்கூடும்.

பசைப் போத்தல்களைத் தகரக் கூரையின் கீழுள்ள பட்டறையில் வைக்காமல் வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். வாங்கிய மாதத்தை மூடியில் எழுதி, வெள்ளைப் பசையை ஏறக்குறைய ஓராண்டுக்குள் முடியுங்கள். நூலாக இழுபட்டாலோ புளித்த மணம் வந்தாலோ நீர் சேர்த்துக் காப்பாற்ற முயலாமல் எறிந்துவிடுங்கள். யூரியாத் தூள் மாரியில் ஈரம் உறிஞ்சிக் கட்டியாகும் என்பதால் இறுக மூடிய ரின்னில், ஒரு வேலைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் வாங்கி வையுங்கள்.